கணிப்பு தப்பாகட்டும், பரவாயில்லை… எப்படித் தப்பாகுதுன்னு பாருங்க!

ரெப்போ ரேட் பத்தி நம்ம சேனல்ல எப்ப வீடியோ போட்டாலும் கீழே ஒரு கமெண்ட் கண்டிப்பா வந்துடும். "இவங்க கணிச்சது எப்பவாவது நடந்திருக்கா ப்ரோ? அப்புறம் எதுக்கு இதையெல்லாம் பார்க்கணும்?"

நியாயமான கேள்விதான். ஆனா பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் இதே கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டாங்க. கணிப்பு சரியா தப்பான்னு பார்க்கிறதோட நிறுத்தாம, அது எந்த மாதிரி தப்பாகுதுன்னு பார்த்தாங்க. பாடப்புத்தகத்துல இருக்கிற ஒரு பெரிய கோட்பாட்டையே அதை வெச்சு சோதிச்சுப் பார்த்துட்டாங்க. அந்த சோதனையில நம்ம வீட்டுக் கடனுக்கும் எஸ்ஐபிக்கும் ஒரு பாடம் இருக்கு. இன்னைக்கு அதைப் பார்க்கலாம்.

முதல்ல ஒரு கடன் கணக்கு

2022 பிப்ரவரி. ரெப்போ ரேட் 4%. அடுத்த நிதியாண்டுல, அதாவது 2022-23-ல, பணவீக்கம் சராசரியா 4.5% இருக்கும்னு ஆர்பிஐ கணிச்சது. அதை நம்பி, "வட்டி இப்போதைக்கு ஏறாது"ன்னு நீங்க 30 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன் வாங்குறீங்கன்னு வெச்சுக்குவோம். 7% வட்டி, 20 வருஷம். இஎம்ஐ 23,259 ரூபாய்.

பிப்ரவரி கடைசியில உக்ரைன் போர் ஆரம்பிச்சது. ஏப்ரல்ல கணிப்பு 5.7% ஆச்சு. ஜூன்ல 6.7%. வருஷம் முடிஞ்சப்போ பணவீக்கமும் கிட்டத்தட்ட 6.7%-லதான் வந்து நின்னுச்சு. மே 2022-ல ஏற ஆரம்பிச்ச ரெப்போ, பிப்ரவரி 2023-ல 6.5%. மொத்தம் 2.5% ஏற்றம்.

உங்க கடன் 9.5% ஆயிடுச்சு. ஒரு வருஷம் ஒழுங்கா கட்டியும் பாக்கி சுமார் 29.29 லட்சம். அதுக்கு ஒரு மாச வட்டி மட்டும் சுமார் 23,185 ரூபாய். (நடுவுல வட்டி படிப்படியா ஏறினதை விட்டுட்டு, ஒரே நாள்ல ஏறினதா வெச்சுக் கணக்குப் போட்டிருக்கேன்.) பழைய இஎம்ஐயையே தொடர்ந்தா, நீங்க கட்டுற 23,259-ல அசலுக்குப் போறது 74 ரூபாய். அந்த வேகத்துல போனா கடன் முடிய இன்னும் சுமார் 60 வருஷம் ஆகும்!

கணிப்புல 2% பிசகினா நடுத்தரக் குடும்பத்துல என்ன ஆகும்னு இப்பப் புரியுதா? சரி, இப்போ சொல்லுங்க. பிப்ரவரி 2022-ல கணிச்சவங்க திறமை இல்லாதவங்களா?

அவசரப்பட்டு ஆமான்னு சொல்லிடாதீங்க. கணிப்பு வந்த பிறகுதான் போர் வந்தது. முன்கூட்டியே தெரிஞ்சுக்க முடியாத விஷயத்தால வந்த பிழைக்கு யாரையும் குறை சொல்ல முடியாது. பிழை பெருசா இருக்கிறது மட்டுமே குற்றம் ஆகாது. அந்தப் பிழையை முன்கூட்டியே யூகிச்சிருக்க முடியுமாங்கிறதுதான் கேள்வி. இந்த ஒரு வரியை மனசுல வெச்சுக்கோங்க, மொத்தக் கட்டுரையும் இதுமேலதான் நிக்குது.

ரயில் ஆப் சொல்ற பாடம்

ஊருக்குப் போக ஸ்டேஷன்ல நிக்கிறீங்க. ஆப்ல "10 நிமிடம் தாமதம்"னு காட்டுது. கொஞ்ச நேரம் கழிச்சு 20. அப்புறம் 35. அப்புறம் 50.

நாலாவது தடவை என்ன பண்ணுவீங்க? "ஐம்பதுன்னா ஒன்றேகால் மணி நேரம் ஆகும்"னு பக்கத்துல இருக்கிறவர்கிட்ட சொல்லிட்டு டீ குடிக்கப் போயிடுவீங்க. ஏன்? இந்த ஆப் புதுத் தகவலை முழுசா எடுத்துக்காம, கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஒத்துக்குதுன்னு கண்டுபிடிச்சுட்டீங்க. ஒரு திருத்தம் மேல போனா, அடுத்ததும் மேலதான் போகும்.

உண்மையிலேயே நல்ல ஆப் இப்படி இருக்காது. கையில இருக்கிற எல்லாத் தகவலையும் அது முதல்லயே கணக்குல எடுத்துக்கிட்டிருக்கும். அதனால அடுத்த திருத்தம் கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம். எந்தப் பக்கம் போகும்னு உங்களால யூகிக்க முடியாது.

இதேதான் அந்த ஆராய்ச்சியோட அடிப்படை.

எந்தக் கோட்பாட்டைச் சோதிக்கிறாங்க?

1950-கள்ல பொருளாதார நிபுணர்கள் ஒரு எளிமையான யூகம் வெச்சிருந்தாங்க. மக்கள் பின்னாடி பார்த்து முடிவு எடுப்பாங்க, போன வருஷம் விலை எப்படி ஏறுச்சோ அதை வெச்சு இந்த வருஷத்தை நினைப்பாங்கன்னு. 1961-ல ஜான் மியூத் வேற மாதிரி சொன்னார். மக்கள் கையில இருக்கிற எல்லாத் தகவலையும் பயன்படுத்தி முன்னோக்கித்தான் எதிர்பார்ப்பாங்க, தப்பு பண்ணுவாங்க, ஆனா ஒரே மாதிரித் தப்பைத் திரும்பத் திரும்பப் பண்ண மாட்டாங்கன்னு. இதுக்குப் பேர் ரேஷனல் எக்ஸ்பெக்டேஷன்ஸ். 1970-கள்ல ராபர்ட் லூகாஸ், தாமஸ் சார்ஜென்ட் போன்றவங்க இதை மொத்தப் பொருளாதாரத்துக்கும் கொண்டு போனாங்க. லூகாஸுக்கு 1995-லயும் சார்ஜென்ட்டுக்கு 2011-லயும் நோபல் பரிசு கிடைச்சது.

இது ஏதோ வகுப்பறை விவாதம்னு நினைக்காதீங்க. இதுல வேலைவாய்ப்பே அடங்கியிருக்கு. எல்லாருக்கும் எல்லாத் தகவலும் உடனே போய்ச் சேர்ந்து, எல்லாரும் உடனே மனசை மாத்திக்கிட்டா, மத்திய வங்கி "பணவீக்கத்தைக் குறைக்கப் போறேன்"னு நம்பும்படியாச் சொன்னாலே பாதி வேலை முடிஞ்சது. விலையும் சம்பளமும் சீக்கிரமே அதுக்கு ஏத்த மாதிரி இறங்கும், பெரிய ஆள்குறைப்பு தேவைப்படாது. எதிர்பார்ப்பு மெதுவா மாறுச்சுன்னா கதை வேற. அது இறங்குற வரைக்கும் வட்டியை உயரத்துலயே வெச்சிருக்கணும், அதுக்குள்ள நிறைய பேர் வேலை போயிடும். அமெரிக்காவுல 1980 தொடக்கத்துல 14%-க்கு மேல போன பணவீக்கத்தை ஃபெடரல் ரிசர்வ் தலைவர் பால் வோல்கர் அடக்கினார். ஆனா 1982 கடைசியில அங்க வேலையின்மை 10.8%.

அதனால "மக்கள் எவ்வளவு வேகமா மனசை மாத்திக்கிறாங்க?"ங்கிறது முக்கியமான கேள்வி. ஆனா மனசுக்குள்ள இருக்கிற எதிர்பார்ப்பை எப்படி அளக்கிறது?

நிபுணர்களைத் தேடிப் போனது ஏன்?

இங்கதான் தொழில்முறைக் கணிப்பாளர்கள் வர்றாங்க. வங்கி, நிதி நிறுவனம், ஆராய்ச்சி நிறுவனங்கள்ல கணிக்கிறதையே வேலையா வெச்சிருக்கிறவங்க. அமெரிக்காவுல 1968-லயிருந்து ஒவ்வொரு காலாண்டும் இவங்ககிட்ட ஜிடிபி, பணவீக்கம், வேலையின்மை பத்திக் கேட்டுப் பதிவு பண்றாங்க. 1990-லயிருந்து இந்தக் கணக்கெடுப்பை நடத்துறது ஃபிலடெல்ஃபியா ஃபெடரல் ரிசர்வ் வங்கி. பேர் வெளியே வராது, ஒவ்வொருத்தருக்கும் ஒரு எண். அதனால அதே ஆள் மூணு மாசத்துக்கு முன்னாடி என்ன சொன்னார், இப்போ என்ன சொல்றார்னு பின்தொடர முடியும். நம்ம ஆர்பிஐயும் 2007-லயிருந்து இதே மாதிரி நிபுணர் கணக்கெடுப்பு நடத்துது. முடிவுகளை யார் வேணும்னாலும் ஆர்பிஐ இணையதளத்துல பார்க்கலாம்.

நிபுணர்களை எடுத்துக்கிட்டதுல ஒரு சாமர்த்தியமும் இருக்கு. உங்களுக்கும் எனக்கும் ஆபீஸ் வேலை, வீட்டு வேலை இருக்கு, பணவீக்கத்தைக் கவனிக்க நேரம் இல்லை. இவங்களுக்கு அதுதான் முழுநேர வேலை, அதுக்குத்தான் சம்பளம். அவங்களே தகவலை மெதுவாத்தான் உள்வாங்குறாங்கன்னு தெரிஞ்சா, "எல்லாருக்கும் எல்லாம் உடனே தெரியும்"ங்கிற கோட்பாடு மத்தவங்களுக்குப் பொருந்தறது ரொம்பக் கஷ்டம்.

சோதனை எப்படி நடக்குது?

2015-ல ஒலிவியே கொய்பியோன், யூரி கொரோட்னிசென்கோ என்ற ரெண்டு பொருளாதார அறிஞர்கள் வெளியிட்ட ஆய்வு இதுல ரொம்பப் பேர் பெற்றது. முறை எளிமையானது, ரெண்டே கேள்விதான்.

ஒண்ணு, சராசரிக் கணிப்பு போன தடவையை விட இந்தத் தடவை எவ்வளவு மாறியிருக்கு? இது திருத்தம். ரெண்டு, கடைசியில நடந்தது இந்தத் தடவை சொன்னதை விட எவ்வளவு தள்ளி வந்துச்சு? இது பிழை.

உதாரணத்துக்கு, போன காலாண்டுல 3% சொன்னாங்க, இப்போ 3.5%. திருத்தம் அரை சதவீதம். கோட்பாடு சரின்னா, இதுக்கு அப்புறம் வர்ற பிழை ஒரு தடவை மேல, ஒரு தடவை கீழன்னு கலந்து வந்து, சராசரியில பூஜ்யம் ஆகணும். பல வருஷக் கணக்குல கிடைச்சது என்ன தெரியுமா? பணவீக்கக் கணிப்புல, ஒரு பங்கு திருத்தத்துக்குப் பின்னாடி சராசரியா சுமார் 1.2 பங்கு பிழை அதே திசையில வந்திருக்கு. அதாவது கணிப்பு 3-லயிருந்து 3.5 ஆனா, நிஜத்துல சராசரியா 4.1 வந்து நின்னிருக்கு. ரயில் ஆப் கதையேதான்!

இதை ஒரு கோட்பாட்டோட கண்ணாடி வழியா பார்த்தா, ஒருத்தர் தன்னோட தகவலை முழுசாப் புதுப்பிக்க சராசரியா ஆறு ஏழு மாசம் ஆகுதுன்னு அர்த்தம். 2002-ல மேன்கிவ், ரைஸ் ரெண்டு பேரும் சொன்ன 'ஒட்டிக்கிட்ட தகவல்' கோட்பாடு அது. எல்லாரும் தினமும் பார்க்கத்தான் செய்யறாங்க, ஆனா பனிமூட்டத்துல பார்க்கிற மாதிரி மங்கலாத் தெரியுது, அதனால நம்பத் தயங்குறாங்கன்னு சொல்ற கோட்பாடும் இருக்கு. எது சரின்னாலும், தகவல் முழுசாவும் உடனேயும் போய்ச் சேருதுங்கிற எளிய வடிவம் இந்தத் தேர்வுல பாஸ் ஆகலை.

ஆனா தனி ஆளைப் பார்த்தா கதை தலைகீழ்

இதுல ஒரு திருப்பம் இருக்கு. 2020-ல போர்டாலோ, ஜென்னாயோலி, மா, ஷ்லைஃபர் நாலு பேரும் சராசரியை விட்டுட்டு ஒவ்வொரு கணிப்பாளரையும் தனித்தனியாப் பார்த்தாங்க. பெரும்பாலான புள்ளிவிவரங்கள்ல, ஒரு தனி ஆள் தன்னோட கணிப்பை மேல தூக்கினா, அளவுக்கு மீறித்தான் தூக்கியிருக்கார். நடந்தது அவர் சொன்னதை விடக் கீழே.

கூட்டமா பார்த்தா மெத்தனம். தனியா பார்த்தா பதற்றம். ரெண்டும் எப்படி ஒண்ணா உண்மையாக முடியும்?

உங்க டீம்ல பத்து பேர்னு வெச்சுக்கோங்க. கம்பெனி ஒரு பெரிய கிளையண்டை இழக்கப் போகுது. ஒருத்தருக்கு ஹெச்ஆர் பக்கத்துலயிருந்து ஒரு செய்தி, இன்னொருத்தருக்கு மேனேஜர் முகத்துல ஒரு மாற்றம், மூணாவது ஆளுக்கு ஒண்ணுமே தெரியாது. கேள்விப்பட்டவர் அளவுக்கு மீறிப் பயந்து ரெஸ்யூமை எல்லா இடத்துக்கும் அனுப்பிடறார். ஆனா பத்து பேரோட சராசரி பயம், நிஜ ஆபத்தை விடக் குறைவுதான், ஏன்னா பாதிப் பேருக்கு விஷயமே இன்னும் போய்ச் சேரலை. கணிப்பாளர்கள் கதையும் கிட்டத்தட்ட இதுதான். அவங்கவங்களுக்குக் கிடைச்ச துண்டுத் தகவலுக்கு அவங்கவங்க அதிகமாக் குதிக்கிறாங்க. மொத்தத் தகவலுக்குச் சராசரி கம்மியா நகருது.

ரெண்டு எச்சரிக்கை

இதைப் படிச்சதும் சமீபத்திய உதாரணம் தேடத் தோணும். 2025-26-க்கான பணவீக்கத்தை ஆர்பிஐ கணிச்ச வரிசை இது:

• பிப்ரவரி 2025: 4.2%
• ஏப்ரல்: 4.0%
• ஜூன்: 3.7%
• ஆகஸ்ட்: 3.1%
• அக்டோபர்: 2.6%
• டிசம்பர்: 2.0%

அஞ்சு திருத்தமும் கீழேயே! அமெரிக்க ஃபெட் அதிகாரிகள் 2021-க்குச் சொன்ன கணிப்புகளோட நடு மதிப்பும் இப்படித்தான்: 2020 டிசம்பர்ல 1.8%, அப்புறம் 2.4, 3.4, 4.2, டிசம்பர் 2021-ல 5.3%.

"பார்த்தியா, மாட்டிக்கிட்டாங்க"ன்னு சொல்லிடலாமா? கூடாது. நாணயத்தைச் சுண்டினா அஞ்சு தடவை தொடர்ந்து தலை விழறது உண்டு. 2025-ல காய்கறி, பருப்பு விலை தொடர்ந்து இறங்குச்சு, செப்டம்பர்ல ஜிஎஸ்டி குறைப்பும் வந்துச்சு. ஒவ்வொண்ணும் உண்மையிலேயே புதுச் செய்தியா இருந்திருக்கலாம். ஒரு வருஷத்தை வெச்சு எதையும் நிரூபிக்க முடியாது. அதனாலதான் ஆராய்ச்சியாளர்கள் நாற்பது வருஷத்துக்கும் மேலான காலாண்டுகளை எடுத்துப் பார்த்தாங்க.

ரெண்டாவது எச்சரிக்கை, 'நடந்தது' எதுன்னே சில சமயம் தெரியாது. 2023-24-ல இந்தியாவோட ஜிடிபி வளர்ச்சி எவ்வளவு? ஜனவரி 2024-ல அரசு சொன்னது 7.3%. பிப்ரவரியில 7.6%. மே மாசம் 8.2%. பிப்ரவரி 2025-ல 9.2%. ஒருத்தர் 7.3%னு கணிச்சிருந்தா அவர் புத்திசாலியா, ஏமாந்தவரா? எந்தத் தேதிப் புள்ளிவிவரத்தோட ஒப்பிடறீங்கங்கிறதைப் பொறுத்து பதில் மாறும். அதனால அன்னைக்கு அவங்க கையில என்ன புள்ளிவிவரம் இருந்துச்சோ அதை வெச்சுத்தான் நியாயம் பேசணும்.

சரி, சம்பளக்காரங்க என்ன எடுத்துக்கணும்?

ஒண்ணு: கணிப்பைத் தூக்கிப் போடாதீங்க, ஒத்தை எண்ணாவும் எடுத்துக்காதீங்க. ஆர்பிஐயோட பணக் கொள்கை அறிக்கையில விசிறி மாதிரி விரியுற ஒரு வரைபடம் இருக்கும். "இந்த எல்லைக்குள்ள இருக்க இவ்வளவு வாய்ப்பு"ன்னு அவங்களே சொல்றாங்க. தலைப்புச் செய்தியில நடுக்கோடு மட்டும்தான் வரும். நீங்க பார்க்க வேண்டியது விசிறியோட அகலத்தை.

ரெண்டு: ஃப்ளோட்டிங் கடன் வாங்கறதுக்கு முன்னாடி, இன்னைக்கு இருக்கிற வட்டியோட 2.5% கூட்டி ஒரு தடவை கணக்குப் போடுங்க. 2022-ல ஏறினது அவ்வளவுதான், கற்பனை இல்லை. மேல சொன்ன 30 லட்சம் கடனுக்கு 9.5%-ல புதுசாப் போட்டா இஎம்ஐ 27,964 ரூபாய், மாசம் 4,705 ரூபாய் கூட. அந்தத் தொகை உங்க பட்ஜெட்ல உட்காருமா? உட்காரலைன்னா கடன் தொகையைக் குறைங்க. ஏற்கெனவே கடன் இருக்கா? வட்டி மாறும்போது இஎம்ஐயைக் கூட்டலாமா, காலத்தை நீட்டலாமான்னு தேர்வு செய்ற வாய்ப்பை உங்களுக்குக் கொடுக்கணும்னு ஆகஸ்ட் 2023-ல ஆர்பிஐ சொல்லிடுச்சு. வங்கி தானா காலத்தை நீட்டினா, போய்க் கேளுங்க.

மூணு: "திருத்தம் ஒரே திசையில போகுதே, அதை வெச்சு பாண்ட் ஃபண்ட்ல காசு பார்க்கலாமே"ன்னு கிளம்பாதீங்க. 1.2 என்பது பல வருஷ சராசரி. அடுத்த காலாண்டுல அது உங்களைக் கவுத்துடலாம். அதோட, சந்தையில இருக்கிறவங்களும் இதே ஆய்வுகளைப் படிச்சவங்கதான்.

நாலு: இதுதான் ரொம்ப முக்கியம். தன் கைக்கு வந்த ஒரு செய்திக்கு அளவுக்கு மீறிக் குதிக்கிற பழக்கம், முழுநேர நிபுணருக்கே இருக்கு. அப்போ ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு ஷார்ட்ஸ் பார்த்துட்டு எஸ்ஐபியை நிறுத்தற நமக்கு? ஒரு செய்தியைப் பார்த்து பணம் சம்பந்தமா முடிவு எடுக்கத் தோணுச்சுன்னா, அதை ஒரு தாள்ல எழுதி வெச்சு, தேதி போடுங்க. ஒரு மாசம் கழிச்சு எடுத்துப் பாருங்க.

நான் ஒரு வருஷமா இதைப் பண்றேன். என் நோட்டுல "உடனே மாத்தணும்"னு எழுதினது பதினொண்ணு. ஒரு மாசம் கழிச்சும் சரின்னு தோணினது ரெண்டே ரெண்டு. நிபுணர்களோட பிழையைப் பதிவு பண்ணி வெச்சதாலதான் அவங்க எப்படி யோசிக்கிறாங்கன்னு தெரிஞ்சது. நம்ம பிழையையும் நாமளே எழுதி வெச்சா, நாம எப்படி யோசிக்கிறோம்னு நமக்கும் தெரியும். நோட்டு விலை முப்பது ரூபாய்தான்.

இன்னைக்கே உங்க கடனுக்கு 2.5% கூட்டிக் கணக்குப் போட்டுப் பாருங்க. வந்த எண் பயமுறுத்துச்சுன்னா கமெண்ட்ல சொல்லுங்க, அதைக் குறைக்கிற வழிகளை அடுத்த வீடியோவுல எடுத்துக்கலாம்.